ரேக்கிங்: வாருவதா, சாய்வதா, வரிசையா?

கேட்டவருக்கும் இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் சேர்த்துக் கேள்வியை முதலில் சுருக்கிவிடுகிறேன். மொழிபெயர்ப்பு வேலை செய்கிற நண்பர் ஒருவர். ஒரே மாதத்தில் அவர் கைக்கு வந்த மூன்று ஆவணங்களில் 'ரேக்', 'ரேக்கிங்' என்ற சொல் இருந்திருக்கிறது. ஒன்று கடலுக்குள் கட்டும் தோணித்துறை டெண்டர், இன்னொன்று கருத்துக்கணிப்பு அறிக்கை, மூன்றாவது ரயில்வே சரக்குப் போக்குவரத்துக் கட்டுரை. அகராதியைப் பார்த்தால் 'வாருதல்' என்று போட்டிருக்கிறது. அதை வைத்தால் மூன்று இடத்திலும் வாக்கியம் உளறுகிறது. 'இதெல்லாம் ஒரே சொல்தானா, எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரு தமிழ்ச் சொல் உண்டா?' என்பது அவர் கேள்வி. உண்மையில் அவருக்கு வேண்டியது பொதுச்சொல் அல்ல, இந்த இடத்தில் இதற்கு எந்தப் பொருள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் என்று நினைக்கிறேன். அதற்கே பதில் எழுதுகிறேன்.

நான் சிவில் டிப்ளமோ படித்துப் பதினேழு வருடம் கட்டுமான சைட்டுகளில் இருந்தவன். இப்போது தொழில்நுட்ப ஆவணங்களைத் தமிழாக்குகிறேன். அதனால் கட்டடம் பற்றிச் சொல்வதை அனுபவத்திலிருந்து சொல்கிறேன். லேத், ரயில், புள்ளியியல் எல்லாம் ஆவணங்களுக்காகப் படித்தும், அந்தந்த வேலைக்காரர்களைக் கேட்டும் தெரிந்துகொண்டவை. சொல்வரலாறு என் படிப்பு அல்ல, அதில் பெரிய அகராதிகள் சொல்வதைத்தான் திருப்பிச் சொல்ல முடியும்.

முதல் விஷயம், இது ஒரு சொல் அல்ல. ஒரே எழுத்தில் எழுதப்படும் குறைந்தது நான்கு சொற்கள், ஆங்கில அகராதிகளே தனித்தனிப் பதிவாகத்தான் தருகின்றன. ஒன்றில் பல் இருக்கிறது: பல் வைத்த கருவியால் இழுப்பது. ஒன்றில் சாய்வு இருக்கிறது: செங்குத்திலிருந்து விலகி நிற்பது. ஒன்றில் வரிசை இருக்கிறது: ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தது. நான்காவது, ஊதாரித்தனமும் ஒழுக்கக்கேடுமாகத் திரிகிற ஆள். நான்காவதை உடனே முடித்துவிடலாம். 'ரேக்ஹெல்' என்ற பழைய வசைச்சொல்லின் குறுக்கம் அது. ஓவியர் ஹோகார்த் 1730-களில் அப்படிப்பட்ட ஒரு பணக்கார வீட்டுப் பிள்ளை சீரழிந்து பைத்தியக்கார விடுதியில் போய் முடிவதை எட்டு ஓவியங்களாக வரைந்தார். அந்தத் தொடரின் தலைப்பில் இந்தச் சொல் வரும். அதை 'வாருகோலின் முன்னேற்றம்' என்று ஒரு தம்பி தமிழாக்கிக் கொண்டுவந்தான். சிரித்தேன், ஆனால் அவனைக் குற்றம் சொல்ல முடியவில்லை. அகராதியில் முதலில் இருந்ததை எடுத்திருக்கிறான், அவ்வளவுதான்.

பல் உள்ள சொல்தான் மிகப் பழையது, ஆயிரம் வருடத்துக்கு மேல் ஆங்கிலத்தில் இருக்கிறது. இதில் நமக்கு ஒரு வசதியும் ஒரு சிக்கலும் உண்டு. வசதி, நம்முடைய 'வாரு' கிட்டத்தட்ட அதே அளவுக்கு ஊர் சுற்றிய சொல். தலை வாருகிறோம், உப்பளத்தில் உப்பு வாருகிறோம், குளத்தைத் தூர் வாருகிறோம், பணத்தை வாரி இறைக்கிறோம், போகிறபோக்கில் நண்பன் காலையும் வாருகிறோம். சிக்கல், ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் சொல்லும் கைவேலையைத் தமிழ் மூன்றாகப் பிரிக்கிறது. இழுத்துச் சேர்த்தால் வாருவது. புரட்டிவிட்டால் கிளறுவது அல்லது கிண்டுவது. மேற்பரப்பில் கோடு விழ இழுத்தால் கீறுவது, பூனை செய்தால் பிறாண்டுவது. பழைய சண்டையை 'ரேக் அப்' செய்தான் என்று வந்தால் அதைக் கிளறினான் என்றுதான் எழுத முடியும். சூதாட்ட விடுதி ஒவ்வொரு ஆட்டத்திலும் எடுத்துக்கொள்ளும் பங்குக்கும் 'ரேக்' என்றே பெயர். மேசையில் சில்லுகளை இழுத்துச் சேர்க்கும் நீளக் கோலுக்கும் அதே பெயர்தான். தமிழில் அதற்குக் கமிஷன் போதும்.

கட்டட வேலையில் இந்தப் பல் குடும்பம் வருவது செங்கல் சந்துகளில். டெண்டரில் 'ரேக்கிங் ஆஃப் ஜாயிண்ட்ஸ்' என்று வந்தால், சுவர் கட்டியபின் கலவை இறுகுமுன்னே செங்கற்களுக்கு இடையில் உள்ள கலவையைச் சுமார் 10 மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கீறி எடுத்துவிடுவது. பிறகு பூசும் சாந்து அந்தப் பள்ளத்துக்குள் போய்ப் பிடித்துக்கொள்ள வேண்டும், அதற்காகத்தான். அன்றைக்குக் கட்டிய சுவரை அன்றைக்கே கீறிவிட வேண்டும். மறுநாள் விட்டால் உளியும் சுத்தியலும்தான், செங்கல் விளிம்பும் சேர்ந்து பெயரும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சைட்டில் இரண்டு மாடிச் சுவர் முழுக்க இதைச் செய்யாமல் பூசிவிட்டார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அடுத்த வருடம் மேற்குச் சுவரைத் தட்டிப் பார்த்தால் தொம்தொம் என்று சத்தம், பிறகு பாளம் பாளமாக விழுந்தது. இதைக் கண்டுபிடிக்க வேண்டியவர்களில் நானும் ஒருவன் என்பதால் யாரையும் திட்ட வாயில்லை. 'சந்துகளைக் கீறிவிடுதல்' என்று எழுதுங்கள், எந்தக் கொத்தனாருக்கும் புரியும். 'வாருதல்' என்று எழுதினால் புரியாது.

சரி, இனி சாய்வு. உங்கள் தோணித்துறை டெண்டரில் வருவது இதுதான். 'ரேக்கிங் பைல்' அல்லது 'ரேக்கர் பைல்' என்றால் நேராக இறக்காமல் வேண்டுமென்றே சாய்த்து இறக்கிய தூண் அடித்தளம். 6 அடி கீழே போகும்போது 1 அடி பக்கவாட்டில் விலகும் என்றால் ஆறுக்கு ஒன்று சாய்வு. ஏன் சாய்க்க வேண்டும்? கப்பல் வந்து ஒட்டும்போது துறையைத் தள்ளும், அலையும் தள்ளும். நேராக நிற்கிற பைல் மேலிருந்து வரும் பாரத்தை நன்றாகத் தாங்கும், ஆனால் பக்கவாட்டில் தள்ளினால் வளையும். சாய்ந்த பைல் அந்தத் தள்ளலின் ஒரு பகுதியைத் தன் நீளவாக்கில் வாங்கித் தரைக்குள் அனுப்பிவிடுகிறது. கால் அகட்டி நின்றால் ஓடுகிற பஸ்ஸில் விழாமல் நிற்கிறோம் இல்லையா, அதே கணக்குதான். 'சாய்வு பைல்' என்பது போதும். விழப்போகிற சுவருக்கு வெளியிலிருந்து சாய்த்து வைக்கும் முட்டுக்கும் 'ரேக்கிங் ஷோர்' என்று இதே குடும்பப் பெயர்தான், அதைச் சாய்முட்டு எனலாம். கட்டட முகப்பின் உச்சியில் முக்கோணம் இருக்கும் பாருங்கள், அதன் இரண்டு சாய்ந்த விளிம்புகளில் ஓடும் அலங்காரப் பட்டிக்கும் 'ரேக்கிங் கார்னிஸ்' என்றுதான் பெயர். எழும்பூரில் 1821-இல் கட்டி முடித்த செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் முகப்பை அண்ணாந்து பார்த்தால் தெரியும்.

இந்தச் சாய்வுப் பொருள் கப்பலிலிருந்து வந்தது என்பது உறுதி. 17-ஆம் நூற்றாண்டில் கப்பலின் முன்பகுதியும் பின்பகுதியும் அடிக்கட்டைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அளவைச் சொல்லப் பயன்பட்டது, அப்புறம் பாய்மரம் பின்னால் சாய்ந்து நிற்பதற்கும் வந்தது. அதற்கு முன்னால் எங்கிருந்து வந்தது என்பதில்தான் உடன்பாடு இல்லை. நீட்டிக்கொண்டிருத்தல் என்ற பொருளுள்ள ஜெர்மன், ஸ்காண்டிநேவியச் சொற்களோடு சேர்த்துப் பார்க்கிறார்கள், முடிந்த முடிவு என்று யாரும் எழுதுவதில்லை. வாருகோலைச் சாய்த்துப் பிடிப்பதால் சாய்வுக்கு அந்தப் பெயர் வந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கேட்க நன்றாக இருக்கிறது என்பதைத் தவிர அதற்கு வேறு பலம் இல்லை.

கடலிலிருந்து கரையேறிய பிறகு இந்தச் சாய்வு போகாத இடமில்லை. நாடக மேடை பின்பக்கம் உயர்ந்து முன்பக்கம் தாழ்ந்திருந்தால் அது 'ரேக்' உள்ள மேடை. ஆங்கில நாடகக்காரர்கள் மேடையின் பின்பகுதியை மேல்மேடை என்றும் முன்பகுதியைக் கீழ்மேடை என்றும் இன்றுவரை சொல்வது அதன் மிச்சம்தான். மோட்டார் சைக்கிளில் முன் ஃபோர்க்கைத் தாங்கும் தலைப்பகுதி செங்குத்திலிருந்து எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது என்பது ரேக். பந்தய பைக்குகளில் 24 பாகையை ஒட்டி இருக்கும், சட்டென்று திரும்பும். சாய்ந்து உட்கார்ந்து ஓட்டுகிற க்ரூசர்களில் 30-ஐத் தாண்டும், நேர்ச்சாலையில் நிம்மதியாகப் போகும்.

லேத் பட்டறைக்காரர்கள் சொல்லும் 'ரேக் ஆங்கிள்' இதே சாய்வுதான், ஆனால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. வெட்டும் உளியில் சீவல் வழுக்கி ஏறுகிற முகம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதை அது அளக்கிறது. அலுமினியம் மாதிரி மென்மையான உலோகத்துக்குச் சாய்வு நிறைய வைப்பார்கள், சீவல் சுருண்டு ஓடும். பித்தளைக்கு அப்படி வைத்தால் உளி உள்ளே இழுத்துக்கொண்டு குத்திவிடும், அதனால் அதற்குப் பெரும்பாலும் சாய்வே இல்லாமல் தட்டையாகத் தீட்டுவார்கள். கடினமான எஃகுக்குக் கார்பைடு முனை போடும்போது சாய்வு எதிர்ப்பக்கம் போகும், ஏனென்றால் கார்பைடு அழுத்தத்தைத் தாங்கும், வளைத்தால் உடையும். கோயம்புத்தூர்ப் பட்டறை ஒன்றில் ஒரு பெரியவரிடம் இதற்குத் தமிழில் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். 'ரேக்குதான் தம்பி, வேற என்ன சொல்ல' என்றார். பயிற்சிக் கையேடு என்றால் 'ரேக் கோணம்' என்றே வைப்பதுதான் நேர்மை. படித்துவிட்டு வேலைக்குப் போகிற பையன் காதில் விழப்போகும் சொல் அதுதான்.

மரம் அறுக்கும் ரம்பத்தில் இந்த இரண்டு குடும்பமும் ஒன்றாகக் குடியிருக்கின்றன, எனக்கு மிகப் பிடித்த உதாரணம் அது. ரம்பப் பல் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது 'ரேக்', அது சாய்வுச் சொல். இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுக்கும் பெரிய ரம்பங்களில் வெட்டும் பற்களுக்கு நடுவே 'ரேக்கர்' என்று வேறொரு பல் இருக்கும். அது வெட்டாது, வெட்டுப்பட்ட நாரைச் சுரண்டி வெளியே தள்ளும். அது வாரும் சொல். ஒரே கருவியின் ஒரே பக்கத்தில் இரண்டும் வரும்போது அகராதி உதவாது, படத்தைத்தான் பார்க்க வேண்டும்.

எந்தக் குடும்பம் என்று எனக்கே முழுத் திருப்தி இல்லாத இரண்டு உண்டு. ஓவியப் பாதுகாப்பாளர்கள் 'ரேக்கிங் லைட்' என்று சொல்வது, பக்கவாட்டிலிருந்து மிகத் தாழ்வாக விழும் வெளிச்சம். மேடு பள்ளமெல்லாம் நிழல் விழுந்து எழுந்து நிற்கும். தேய்ந்துபோன கல்வெட்டை உச்சி வெயிலில் பார்த்தால் வெறும் பாறை, சாய்வெயிலில் பார்த்தால் எழுத்து என்பது கோயில் கோயிலாகத் திரிகிறவர்களுக்குத் தெரியும். வெளிச்சம் பரப்பை உரசிப் போவதால் வாரும் சொல்லோடு சேர்க்கலாம், சாய்ந்து வருவதால் சாய்வோடும் சேர்க்கலாம். தமிழில் 'சாய்வெளிச்சம்' என்றால் கவலை விட்டது. மற்றொன்று கடற்போரில் வரும் 'ரேக்கிங் ஃபயர்'. எதிரிக் கப்பலின் பக்கத்தைச் சுடாமல், முன்னிருந்தோ பின்னிருந்தோ அதன் நீளவாக்கில் சுடுவது. 1805 அக்டோபர் 21 அன்று டிராஃபல்கரில் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் விக்டரி கப்பல், பிரெஞ்சுத் தலைமைக் கப்பல் புசென்டோரின் பின்புறமாகக் கடந்துபோனபோது அப்படித்தான் சுட்டது. பின்புறம் கண்ணாடி ஜன்னல்கள், வலுவில்லாத மரம். உள்ளே நுழைந்த குண்டு ஒரு முனையிலிருந்து மறு முனை வரை வழியில் இருந்த எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனது. சாய்வுச் சொல் கப்பலில் பிறந்தது என்பதால் இதுவும் அதுதான் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அகராதிகள் இதை வாருகோலோடுதான் வைக்கின்றன. 'நெடுக்குவாக்கில் சுடுதல்' என்றால் படிப்பவருக்குக் காட்சி கிடைத்துவிடும்.

ரயில்வேயின் 'ரேக்' மூன்றாவது சொல். கோடு, தடம், வரிசை என்ற பொருளில் வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் வழங்கியது, கோடு என்று பொருள்படும் நார்ஸ் (பழைய ஸ்காண்டிநேவிய மொழி) சொல்லோடு சேர்த்துப் பார்க்கப்படுகிறது. டெர்பிஷயரில் பூமிக்குள் நீளமாக ஓடும் ஈயத்தாது நரம்புக்கும் 'ரேக்' என்றே பெயர், அங்கே சில இடங்களின் பெயரிலேயே அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. ரயிலில் அதன் பொருள், கோத்து ஒரே தொகுதியாக ஓட்டப்படும் பெட்டிகள் அல்லது வேகன்கள். நிலக்கரி ஏற்றும் திறந்த வேகன் ரேக் என்றால் பெரும்பாலும் 58 வேகனும் ஒரு பிரேக் வேனும். கவனிக்க வேண்டியது, ரேக்கும் ரயிலும் ஒன்றல்ல. ரயில் என்பது எண்ணும் நேரமும் உள்ள ஒரு பயணம், ரேக் என்பது தண்டவாளத்தில் நிற்கிற இரும்பு. காலையில் ஒரு எண்ணில் வந்து சேரும் அதே ரேக் இரவு வேறொரு எண்ணில் கிளம்பிப் போகும். 'இணை ரயில் தாமதமாக வருவதால்' என்று அறிவிப்பில் கேட்டிருப்பீர்கள், அங்கே தாமதமாவது உண்மையில் ரேக்தான். உங்கள் கட்டுரை சரக்குப் போக்குவரத்து பற்றியது என்பதால் 'வேகன் தொடர்' என்று ஒருமுறை விளக்கிவிட்டு, பிறகு ரேக் என்றே எழுதுவதைச் சிபாரிசு செய்கிறேன். ரயில்வேக்காரர்களும் சரக்கு அனுப்புகிறவர்களும் அப்படித்தான் பேசுகிறார்கள்.

கருத்துக்கணிப்பில் வரும் 'ரேக்கிங்'தான் மூன்றிலும் கஷ்டமானது, ஏனென்றால் அது உவமை. 100 பேரைக் கேட்டதில் 70 ஆண், 30 பெண் வந்துவிட்டார்கள், ஆனால் ஊரில் பாதிக்குப் பாதி என்று வையுங்கள். வயதிலும் அதேபோல 60 இளையவர், 40 மூத்தவர் வந்திருக்கிறார்கள், ஊரில் இருப்பது 40-க்கு 60. முதலில் ஒவ்வொரு ஆணின் எடையையும், அதாவது அவர் பதிலுக்குக் கணக்கில் தரும் மதிப்பை, குறைத்து, பெண்ணின் எடையைக் கூட்டி 50-க்கு 50 ஆக்குகிறீர்கள். பிறகு இளையவர் எடையைக் குறைத்து, மூத்தவர் எடையைக் கூட்டி வயதைச் சரிசெய்கிறீர்கள். இப்போது திரும்பிப் பார்த்தால் ஆண்-பெண் கணக்கு மறுபடி கொஞ்சம் கலைந்திருக்கும். ஆண்களில் 40 பேர் இளையவர், 30 பேர் மூத்தவர், பெண்களில் 20-ம் 10-ம் என்று வைத்துப் போட்டுப் பார்த்தேன். இரண்டாவது திருத்தத்துக்குப் பிறகு ஆண்கள் பங்கு 52-க்கு நகர்கிறது. பரவாயில்லை, 70-லிருந்து 52-க்கு வந்துவிட்டது. மறுபடி பாலினம், மறுபடி வயது என்று மாறி மாறிச் செய்தால் சில சுற்றுகளில் இரண்டும் அடங்கிவிடும்.

இந்த முறையை டெமிங்கும் ஸ்டெபனும் 1940-இல் எழுதினார்கள், அமெரிக்காவின் அந்த வருடத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக. பிற்பாடு ஜப்பானியத் தொழிற்சாலைகளுக்குத் தரக்கட்டுப்பாடு சொல்லிக்கொடுத்துப் பெயர் வாங்கிய அதே டெமிங்தான். பெயருக்குப் புள்ளியியலாளர்கள் சொல்லும் விளக்கம் தோட்டப் பாத்தி. வாருகோலை ஒருமுறை நீளவாக்கில் இழுத்து மண்ணைச் சமன்படுத்துகிறோம், பிறகு குறுக்காக இழுக்கிறோம், முதலில் சமன்செய்தது கொஞ்சம் கலைகிறது, மறுபடி நீளவாக்கில். நம் ஊர் வயலில் பரம்படித்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கத் தேவையே இல்லை. ஆனாலும் அறிக்கையில் 'பரம்படித்தல்' என்று போட எனக்குத் துணிச்சல் வரவில்லை. 'மாறிமாறி எடை திருத்துதல்' என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் 'ரேக்கிங்' என்று தமிழ் எழுத்தில் கொடுத்தேன். அதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் எடுத்துக்கொள்ளத் தயார். இந்த முறை எதைச் சரிசெய்யும், எதைச் சரிசெய்யாது என்பதில் ஒரு புள்ளியியல்காரரைக் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்தவரை, கேள்வியையே தவிர்த்துவிட்டுப் போனவர்கள் பதில் சொன்னவர்களிடமிருந்து வேறுபட்டு நினைப்பவர்களாக இருந்தால் எடை போட்டு அதைப் பிடிக்க முடியாது.

நிலநடுக்க அறிக்கை எப்போதாவது கைக்கு வந்தால் அங்கேயும் 'ரேக்' இருக்கும். பூமிக்குள் பிளவுத் தளத்தில் பாறை எந்தத் திசையில் நழுவியது என்று சொல்லும் கோணம். 90 பாகையை ஒட்டி இருந்தால் மேல்பாறை கீழ்ப்பாறையின் மீது ஏறியது என்று அர்த்தம். நம் கடற்கரையைச் சுனாமியாக வந்து அடித்த 2004 டிசம்பர் 26 சுமத்ரா நிலநடுக்கம் அந்த வகை. அதற்கு 'நழுவு கோணம்' என்று எழுதினால் படிப்பவர் வாருகோலைத் தேடமாட்டார்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை, இது ஆங்கிலத்தின் குற்றமல்ல, நம் எழுத்துமுறையால் வருவது. கிடங்குகளில் அலமாரி அடுக்கும் அமைப்பு, நடுவே 'சி' எழுத்து உள்ள வேறொரு ஆங்கிலச் சொல் (racking), அதை 'ராக்கிங்' என்றும் 'ரேக்கிங்' என்றும் இரண்டு விதமாகத் தமிழில் எழுதுகிறார்கள். செங்கல் வேலையில் சுவரை முடிக்காமல் முனையைப் படிப்படியாக விட்டுவைப்பதற்கும் அந்தச் சொல்தான், சந்து கீறுவதோடு சேர்ந்து ஒரே பக்கத்தில் வரும். உங்கள் டெண்டரில் செங்கல் வேலை அத்தியாயம் இருந்தால் மூலத்தில் நடுவே 'சி' எழுத்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மொழிபெயர்க்கத் தொடங்குங்கள்.